மைக் சுட்ட வாத்து

வாத்து சுடுவதற்கென்றே ஒரு ரப்பர் காற்சட்டை இருக்கிறது. சப்பாத்தில் தொடங்கி நெஞ்சுவரை ஒரே துண்டாக வரும். என் மேலதிகாரி கிளிஃப் எனக்குத் தந்தது அவருடைய பழையது. உள்ளே காலை விட்டதும் போன வருடத்து வேர்வையும் போன வருடத்துச் சேறுமாக ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், மீன்சந்தையின் பின்பக்கத்தில்கூட அப்படியொன்றை நான் மூக்கில் வாங்கியதில்லை.

"எப்பிடி, அளவோ?" என்று கிளிஃப் கேட்டார்.

"நல்ல அளவு, சேர்," என்றேன்.

கிளிஃப் பேசியதெல்லாம் இங்கிலீசு. அதை என் தமிழில்தான் சொல்லப்போகிறேன். என்னை அவர் 'நீ' என்றாரா 'நீங்கள்' என்றாரா என்று இங்கிலீசில் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் நம்மை எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறான் என்பது எந்தப் பாஷையிலும் தெரியும்.

இது நடந்தது எழுபத்துநாலாம் ஆண்டு மார்ச் மாதத்தில். மெல்பேர்ணுக்குப் பக்கத்தில், டண்டினொங்கில், தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் படவரைஞனாகச் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. மகேந்திரராஜா என்ற பெயர் அவர்களுடைய வாயில் நுழையாததால் முதல்நாளே என்னை மைக் ஆக்கிவிட்டார்கள். ஆறு மாதம் தற்காலிகம். அதன் பிறகு வரையும் பகுதியின் தலைவரான கிளிஃப் ஒரு கடிதம் எழுதினால் நிரந்தரம், எழுதாவிட்டால் வீட்டுக்கு. அந்தக் கடிதம் இருந்தால்தான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் என் மனைவி சத்தியபாமாவையும் மூன்று வயது மகளையும் கூப்பிடும் விண்ணப்பத்தை நான் போடலாம். பாமா வாரம் தவறாமல் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதம்தான், இன்னும் ஒரு மாதம்தான் என்று நானும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் கிளிஃப் என் மேசைக்கு வந்து, வாத்துச் சீசன் தொடங்குகிறது, கெராங் ஏரிப்பக்கம் போகிறேன், நீயும் வா என்றார். வேட்டை லைசென்ஸ் எடுக்கும் படிவத்தையும் அவரே கொண்டுவந்திருந்தார். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று விரலால் காட்டினார். வைத்தேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடிதம் கையில் வந்த மாதிரித்தான் என்று நினைத்தேன்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவர் வரதராஜன், மதுரைக்காரர். ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தார். அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல பதினெட்டுப் பேர் இருக்காங்க. துப்பாக்கியையே தொட்டுப் பாக்காத உங்களை எதுக்குக் கூப்பிடறார்?"

"மதிச்சுத்தான் கூப்பிடுறார், வேற என்ன?"

"மதிச்சா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவாங்க. சேத்துக்கா கூப்பிடுவாங்க?"

எரிச்சலாக இருந்தது. இந்த மனிதனுக்கு வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெள்ளி மத்தியானமே புறப்பட்டு வடக்கே நாலு மணித்தியாலம் காரில் போனோம். பின்சீற்றில் இரண்டு துவக்குகள், தோட்டாப் பெட்டிகள், ஒரு சாக்கு நிறையப் பொய் வாத்துகள், கிளிஃபின் கறுப்பு நாய். வழியில் அவர் ஒரு படத்தாளை என் மடியில் போட்டார். சுடலாம் என்ற வாத்துகள் ஒரு பக்கம், சுடவே கூடாத சாதிகள் மறுபக்கம். ஆளுக்குப் பத்துத்தான், அதற்குமேல் ஒன்று கூடினாலும் வழக்கு என்றார். சட்டம் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்று நான் வியந்தேன்.

சனி விடியும்போது முழங்காலளவு தண்ணீரில் நின்றோம். சுற்றிலும் பட்டுப்போன மரங்கள், வெள்ளை வெள்ளையாக. காலை எடுத்து வைத்தால் சேறு குமிழ்விட்டு அழுகிய முட்டை மணத்தது. பொய் வாத்துகளை மிதக்கவிட்டுப் புதருக்குள் ஒளிந்துகொண்டு, வாயில் ஒரு விசிலை வைத்து வாத்தின் குரலில் ஊதவேண்டும். இங்கே சாப்பாடு இருக்கிறது, பயமில்லை, வாருங்கள் என்று மேலே பறக்கிறவற்றுக்கு அதற்குப் பொருளாம். கிளிஃப் அதில் வலு கெட்டிக்காரர்.

சுடத் தொடங்கலாம் என்று குறித்த நிமிடம் வந்ததும் ஏரி முழுக்கத் துவக்குகள் வெடித்தன. எத்தனை பேர் ஒளிந்திருந்தார்களோ தெரியாது. வானத்திலிருந்து ஈயக் குண்டுகள் பொலபொலவென்று தண்ணீரில் கொட்டின. செத்து விழுந்தவை கொஞ்சம். சிறகு முறிந்து தண்ணீரை அடித்து அடித்துச் சுற்றியவைதான் அதிகம். நாய் ஒவ்வொன்றாகக் கொண்டுவரும். உயிர் இருந்தால் கிளிஃப் தலையைப் பிடித்து உடம்பை இரண்டு சுற்றுச் சுற்றுவார். ஒருமுறை தலை மட்டும் அவர் கையில் மிஞ்சியது. அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தண்ணீரில் எறிந்தார். நான் மச்சம் சாப்பிடாதவன் அல்ல. ஆடு, கோழி, நண்டு எல்லாம் ஒரு கை பார்க்கிறவன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

என் கையில் ஒரு துவக்குத் தந்திருந்தார். தோட்டா தரவில்லை. முதல் பத்து விழுந்ததும் கேட்டேன், இனிப் போகலாமோ என்று.

"போறதோ? இது என்ர பத்து. இனித்தான் உன்ர பத்து. நீ சும்மா நில், நான் பாத்துக்கொள்ளுறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் என்னைக் கூட்டிவரவில்லை, என் லைசென்சைக் கூட்டிவந்திருக்கிறார். ஆபீசில் மற்றப் பதினேழு பேரும் இதற்கு ஒத்துவரமாட்டார்கள். மைக் ஒத்துவருவான். வரதராஜன் சொன்னபோது எரிச்சல்பட்டவன் நான்தானே!

'என்னுடைய' பத்து வாத்துகளும் ஒவ்வொன்றாக என் இடுப்பு வாரில் கழுத்தில் சுருக்குப் போட்டுத் தொங்கின. சூடு ஆறவில்லை. அவற்றின் வாயிலிருந்து இரத்தமும் பின்பக்கத்திலிருந்து எச்சமும் ரப்பரில் வழிந்தன. உடம்பு ஆறத் தொடங்கியதும் அவற்றிலிருந்த பேன்கள் என் மணிக்கட்டில் ஏறின. தட்டினேன், மறுபடி ஏறின. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. கடிதம், கடிதம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இருபது முடிந்தது. கிளிஃபுக்கு ஆசை அடங்கவில்லை. தனியாக ஒன்று தாழப் பறந்து வந்ததும் யோசிக்காமல் சுட்டார். அது எங்களுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. கருஞ்சாம்பல் உடம்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். படத்தாளின் மறுபக்கத்தில் இருந்த சாதி. எனக்கே தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்து ஒரு சிறு படகு மரங்களுக்குள்ளால் எங்களை நோக்கி வந்தது. அதில் சீருடை போட்ட வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் இருந்தார்.

கிளிஃப் பறவையைப் பிடித்து என் காலடியில் தண்ணீருக்குள் அமுக்கினார். "மிதி," என்றார்.

மிதித்தேன்.

அது சாகவில்லை. ரப்பருக்குக் கீழே, என் உள்ளங்காலுக்குக் கீழே, அது துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அதிகாரி படகைக் கட்டிவிட்டு இருபதையும் எண்ணிப் பார்த்தார். கிளிஃப் வானிலையைப் பற்றிப் பேசினார். நான் நின்ற இடத்தில் நின்று ஓர் உயிரைச் சேற்றுக்குள் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் முடியவில்லை. காலைத் தூக்கிவிட்டேன்.

கறுப்பு நாய் தலையைத் தண்ணீருக்குள் விட்டு அந்தப் பறவையைக் கவ்வியது. பழக்கியபடியே, ஒரு இறகு கசங்காமல், கொண்டுபோய் எசமானின் கையில் வைத்தது. பறவை இப்போது செத்திருந்தது.

"இதை ஆர் சுட்டது?" என்று அதிகாரி கேட்டார்.

"மைக்," என்றார் கிளிஃப், என் பக்கம் பார்க்காமலே. "பாவம், புது ஆள்." பிறகு அதிகாரி குறிப்புப் புத்தகத்தை எடுக்கத் திரும்பியபோது என் காதருகில், "நீ ஓம் எண்டு சொல்லு. புது ஆள் எண்டு பேசாமல் விட்டிடுவாங்கள்," என்றார்.

இங்கே நான் ஒன்று சொல்லவேண்டும். இங்கு வருவதற்கு முன் எட்டு வருடம் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவன் நான். அங்கே மகாதேவன் என்று ஒரு பெரிய அதிகாரி நில வரைபடம் ஒன்றைத் தொலைத்துவிட்டார். விசாரணை வந்தபோது அவருக்குக் கீழே எழுத்துவேலை பார்த்த ஒரு லிகிதர் முன்னுக்குப் போய், "நான்தான் சேர் துலைச்சனான்," என்றார். அவருடைய ஒரு வருடச் சம்பள உயர்வு போனது. ஆனால் அதற்குப் பிறகு மகாதேவன் அவரைக் கைவிடவேயில்லை. அரசாங்க வீடு கிடைத்தது, கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்தது, அவருடைய தங்கையின் கல்யாணத்தில் மகாதேவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேலே இருப்பவரின் பிழையை ஒருமுறை சுமந்துவிட்டால் ஆயுளுக்கும் அவர் நம்மைச் சுமப்பார். நாங்கள் உத்தியோகம் பழகியது அப்படித்தான்.

"நான்தான் சேர் சுட்டனான்," என்றேன்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். வயதான மனிதர். என் கையிலிருந்த துவக்கைக் காட்டி, "திற, பாப்பம்," என்றார்.

இரட்டைக்குழல் துவக்கை எங்கே அமத்தினால் திறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இழுத்துப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், கடைசியில் முழங்காலில் வைத்து வளைத்தும் பார்த்தேன். அவர் மெதுவாக அதை வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடியைத் தள்ளினார். அது தானாகத் திறந்துகொண்டது. உள்ளே குழல் இரண்டும் ஒரு வெடிகூட வைக்காமல், எண்ணெய் பூசியபடி மினுங்கின.

"இப்ப சொல்லு. நீயோ சுட்டது?"

தப்பிக்க அவர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு விளங்காமல் இல்லை. கிளிஃப் தொண்டையைச் செருமினார்.

"ஓம், சேர். அவரின்ர துவக்காலை சுட்டனான்."

அதிகாரியின் முகத்தில் ஒரு வெறுப்பு வந்தது. கிளிஃபை அவர் அப்படிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதி, கீழே கையெழுத்து வாங்கினார். வழக்கு வரும் என்றார். படகில் ஏறியபின் திரும்பியும் பார்க்கவில்லை.

மெல்பேர்ணுக்குத் திரும்பும் வழியெல்லாம் கிளிஃப் சீட்டியடித்தார். இறக்கிவிடும்போது என் தோளில் தட்டி இரண்டு வாத்துகளைத் தந்தார். அவற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டு நாலு தரம் கழுவினேன். ஆனாலும் எனக்குள் ஒரு நிம்மதி இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இனி கிளிஃப் என்னைக் கைவிடமாட்டார்.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. துவக்கை முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்த மைக்கை கிளிஃப் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்று மணிக்குத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டினார். கடிதம்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

"நீ நல்லா வரையிறாய், மைக். அதிலை ஒரு குறையும் இல்லை," என்றார். "ஆனா இஞ்ச ஒவ்வொரு படத்துக்குக் கீழையும் வரைஞ்சவன்ர கையெழுத்து வரும். அதை நம்பித்தான் கீழை இரும்பு வெட்டுவாங்கள். செய்யாததைச் செய்தனான் எண்டு ஒரு உத்தியோகத்தனுக்கு முன்னாலை கையெழுத்து வைக்கிறவனை நான் என்னெண்டு நம்புறது? ரெண்டு நாளா யோசிச்சனான். கடிதம் எழுத எனக்கு மனம் வரேல்லை."

"நீங்கள்தானே சேர் சொல்லச் சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். அதுக்காண்டி நீ சொல்லுறதோ?"

அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். உண்மையாகவே அவருக்கு என்மேல் அருவருப்பு வந்திருந்தது. பறவையை என் காலடியில் அமுக்கிய அதே கைகளை மேசைமேல் கோத்துவைத்துக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார்.

மேசையைப் புரட்டியிருக்கலாம். இருபது வாத்துக் கதையை ஆபீசுக்கே கேட்கக் கத்தியிருக்கலாம். குறைந்தபட்சம் கதவையாவது படாரென்று அடித்துச் சாத்தியிருக்கலாம். நான் எழுந்து, கதிரையை இருந்த இடத்துக்குத் தள்ளிவைத்து, "தாங் யூ, சேர்," என்றேன். வெளியே வந்து, சத்தம் கேட்டால் அவருக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று கதவை மெல்லச் சாத்தினேன்.