இருபத்தைந்தா, நூறா

சனிக்கிழமை காலை டீச்சர் தன் பிரஷர் மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தபோதுதான் டோஸுக்கு முந்தின நாள் கடையில் எடுத்துக் கொடுத்த பெட்டி ஞாபகம் வந்தது.

மூவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழிகள். டோஸ் என்பது பட்டப்பெயர். மருந்துக்கடையில் வேலை, போதாததற்கு எதற்கெடுத்தாலும் எல்லோருக்கும் டோஸ் விடுவாள். இரண்டும் சேர்ந்துகொண்டதில் அவள் அப்பா அம்மா வைத்த பெயர் காணாமல் போயிருந்தது. டீச்சர் உண்மையிலேயே டீச்சர். மூன்றாமவள் மைக். இன்சூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்கப் போனில் பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவரிடமும் மேடையில் நின்று பேசுவது போலவே பேசுவாள். போகலாம், போகலாம் என்று பதினெட்டு வருஷம் தள்ளிப்போட்ட வெளிநாட்டுப் பயணம் ஒருவழியாக இந்த வார இறுதியில் கைகூடியிருந்தது. ஒன்றரை மணி நேர விமானம், இரண்டு இரவு, மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று டீச்சர் அட்டவணை போட்டு மூன்று பிரதி எடுத்து வந்திருந்தாள்.

டீச்சரின் மாத்திரைப் பெட்டியில் ஓரமாக ஒரு நீலக்கோடு.

"அது எத்தனை பவர்?" என்று கேட்டாள் டோஸ்.

"நூறு. ஏன்டி?"

"சும்மா கேட்டேன்."

சும்மா இல்லை. அதே கம்பெனி, அதே மாத்திரை. வெள்ளிக்கிழமை மாலை கடையை மூடப் போகும் நேரத்தில் மஃப்ளர் பெரியவர் வந்திருந்தார். மாதம் தவறாமல் வருபவர். வெயிலிலும் மஃப்ளரைக் கழற்ற மாட்டார். இதயத் துடிப்பை நிதானமாக வைக்க அவருக்கு இருபத்தைந்து பவர், மஞ்சள்கோடு. அது மேல் தட்டில் இருக்கும். அதற்கு நேர் கீழ்த் தட்டில் நூறு, நீலக்கோடு. வாசலில் டாக்சி நின்றிருந்தது. விமானத்துக்கு நேரமாகிறது என்று மைக் டிரைவரிடம் சொல்லிச் சொல்லி ஹாரன் அடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கை மேலே போனதா, கீழே போனதா?

டோஸ் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடிப் பார்த்தாள். பெட்டியைப் பையில் போடுகிற தன் கை தெரிந்தது. பெட்டியில் நீலம் தெரிந்தது. ஒருவேளை இப்போது டீச்சருடையதைப் பார்த்ததால்தான் நீலமாகத் தெரிகிறதோ? மறுபடி கண்ணை மூடினாள். இந்தத் தடவை மஞ்சளாக இருந்தது. அதையும் நம்ப முடியவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். அவருடைய தங்கை மகள் கல்யாணம். அதற்காகத்தான் கடைக்கு இரண்டு நாள் விடுமுறை, அதனால்தான் இவளுக்கும் இந்தப் பயணம். பெரியவரின் விலாசமும் போன் நம்பரும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கடைக்கு இரண்டே சாவி. ஒன்று முதலாளியிடம். இன்னொன்று, நாடு விட்டு நாடு வந்து, அவள் கைப்பையில் கிடந்தது.

அட்டவணைப்படி பழைய கடைத்தெரு, மணிக்கூண்டு, அதற்கப்புறம் ஆற்றில் படகு. கடைத்தெருவில் டோஸ் பத்தடி பின்னாலேயே நடந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முதலாளியின் நம்பரை அழுத்தினாள். மணிக்கூண்டுக்கு முன்னால் மைக் போட்டோ எடுத்தாள்.

"சிரியேன்டி! கடன்காரன் வந்து நின்ன மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டோஸ் பல்லைக் காட்டினாள்.

படகுத்துறையில் வரிசை நகர்ந்தது. நடுவாற்றில் போனுக்கு சிக்னல் கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். டோஸ் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"நீங்க போங்க. நான் வரல."

"என்னடி ஆச்சு? உடம்பு சரியில்லையா?" என்றாள் டீச்சர்.

சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அது நிஜமாகவே நடந்தது போல ஆகிக்கொண்டு வந்தது. டீச்சர் வகுப்பில் கேட்பது போலக் கேட்டாள்: "உறுதியாச் சொல்லு. தப்பாக் குடுத்தியா, இல்லையா?"

"அதான்டி தெரியல."

"ஹாரன் அடிக்க வச்சது நான்தானே," என்றாள் மைக். அவள் அவ்வளவு மெல்லிய குரலில் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

"ஹாரன் உன்னுது. கை என்னுதுதானே."

மூவரும் இல்லாமலே படகு கிளம்பிப் போனது. துறையின் கல்படியில் உட்கார்ந்து டோஸ் கணவனைக் கூப்பிட்டாள். அவன் லிப்ட் மெக்கானிக். விடுமுறை நாளில் தாமதமாக எழுந்து அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தான்.

"அவர் வீடு எங்கன்னு ஏதாவது ஞாபகம் இருக்கா? யோசிச்சுச் சொல்லு."

"நாலாவது மாடின்னு தெரியும். லிப்ட் ரெண்டு வாரமாப் படுத்துடுச்சு, ஏறுறதுக்குள்ள மூச்சு முட்டுதுன்னு சொன்னாருங்க."

அந்தப் பக்கம் அவன் சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. "நம்ம ஏரியாவுல ஓடாம நிக்கிற லிப்ட் மூணுதான். மூணும் எனக்குத் தெரியும். போனை வை. கிளம்பிட்டேன்."

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. டோஸுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது அவளுக்கே எதிராக நின்றது. நாலு மடங்கு மருந்து. துடிப்பு இறங்கும். தலை சுற்றும். அந்த நேரத்தில் அந்தப் பெரியவர் மாடிப்படியில் நின்றிருந்தால்? டீச்சர் ரொட்டி வாங்கி வந்து கையில் கொடுத்தாள். டோஸ் அதைப் பிட்டுப் பிட்டு மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் கட்டடத்தில் இல்லை. இரண்டாவதிலிருந்து கூப்பிட்டபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. "மஃப்ளர் போட்ட ஒருத்தர் இருக்கார். ஆனா எனக்கு நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, யாருடா நீன்னு திட்டி அனுப்பிட்டார்." மைக் சிரித்துவிட்டாள். டீச்சர் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது கட்டடத்தில் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னாராம்: ஆமாம், அவர்தான், நேற்றே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகளின் நம்பரையும் கொடுத்திருந்தார். டோஸ் அந்த நம்பருக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை ஒரு பெண் குரல், "யாருங்க?"

"மருந்துக்கடையிலேருந்து பேசறேங்க. அப்பா எப்படி இருக்கார்?"

"தூங்குறார். காலையிலேருந்து ஒரே அசதியா இருக்கு, தலை கிர்ருங்குதுன்னு படுத்தவர்தான். ஏன்?"

"எழுப்புங்க. முதல்ல எழுப்புங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. "அப்பா, அப்பா" என்று நாலைந்து முறை கேட்டது. டோஸ் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு முனகல். எழுந்துவிட்டார்.

"மாத்திரைப் பெட்டிய எடுத்து அதுல என்ன நம்பர் இருக்குன்னு படிங்க."

"நூறுன்னு போட்டிருக்கு."

இனி சந்தேகமில்லை. டோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எத்தனை போட்டார்?"

"நேத்து ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு."

"அது அவரோட மாத்திரை இல்லைங்க. நான் தப்பாக் குடுத்துட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நடக்க விடாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பெட்டியையும் கையோட எடுத்துட்டுப் போங்க."

"நீங்களா குடுத்தீங்க?"

"நான்தான்."

மகள் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. போன் துண்டானது.

கணவன் ஆஸ்பத்திரிக்கே போய் உட்கார்ந்துகொண்டான். பெரியவரின் துடிப்பு நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு என்று செய்தி வந்தது. அடுத்த விமானம் எப்போது என்று டீச்சர் அலைந்து விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு முன் எதிலும் இடமில்லை. மூவரும் வாடகை வீட்டுக்குத் திரும்பிக் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர் தன்பாட்டுக்கு இருந்தது. மைக் டோஸின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நாற்பத்தாறு. இருட்டும்போது ஐம்பத்திரண்டு. ஞாயிறு காலை பெரியவர் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார் என்று தெரிந்ததும் டோஸ் அழுதாள். அதுவரை அவள் அழவில்லை.

அன்று மத்தியானம்தான் முதலாளி போனை எடுத்தார். அவள் ஒன்றும் மறைக்காமல், ஹாரனைப் பற்றி மட்டும் சொல்லாமல், நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தவுமில்லை, போனால் போகிறது என்று தேற்றவுமில்லை.

"திங்கக்கிழமை வந்து எல்லாத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. மருந்து அதிகாரிக்கு அனுப்பணும். அப்புறம் என்னாகும்னு எனக்கும் தெரியாது," என்றார்.

திங்கட்கிழமை அவள் எழுதிக் கொடுத்தாள். அந்த இரண்டு பவர் பெட்டிகளும் வேறு வேறு அலமாரிக்குப் போயின. பதினோரு மணிக்குப் பெரியவரின் மகள் வந்தாள். முகத்தைப் பார்த்ததில்லை என்றாலும் குரல் தெரிந்தது.

"அப்பா மாத்திரை. இனிமே நான்தான் வருவேன்."

டோஸ் எடுத்து வைத்தாள். "மன்னிச்சுக்கங்க," என்றாள். மகள் பெட்டியைக் கையில் எடுத்து, பெயரையும் நம்பரையும் உதடசைத்துப் படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவள் அவசரப்படவில்லை. டோஸும் அவசரப்படுத்தவில்லை.