மெத்தையில் ஒரு பள்ளம்

ஸ்டோர் ரூம் கதவைத் திறந்ததுமே உத்தமனுக்குக் குமட்டியது. எலிப்புழுக்கை, சீமெண்ணெய், இரண்டுக்கும் அடியில் பெயர் சொல்ல முடியாத ஒரு புளித்த வாடை. அக்கா ருக்கு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

"இத பாருடா." ஒரு ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வெள்ளைப் பூஞ்சை மயிர் மயிராக வளர்ந்திருந்தது. "எங்க மாமியா தலை மாதிரியே இல்ல?"

அவன் சிரிக்கவில்லை. ஜாடியை வாங்கிக் குப்பைச் சாக்கில் போட்டான். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. சுவரில் தேய்த்தான். சுவர் அதைவிடப் பிசுக்காக இருந்தது.

சந்தாபுராவில் கன்னடம் பேசும் லட்சுமம்மா வீட்டு மாடியில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். உத்தமனுக்கு பொம்மசந்திராவில் வேலை. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்படத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. அவன் மனைவி வேதநாயகி போன வருஷம் வயிற்றில் கட்டி வந்து இறந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஆம்பூரிலிருந்து வந்த ருக்கு அப்படியே தங்கிவிட்டாள். அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை. வந்த சில மாதத்திலேயே அவள் புருஷன் வேறொருத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான்.

ஏதோ மகளிர் வகுப்பில் ருக்கு ஃபர் துணியில் பொம்மை தைக்கக் கற்றிருந்தாள். தைக்க ஓர் அறை வேண்டும், நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. ஸ்டோர் ரூமைக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றான். அவனுக்கு எதற்கு?

ஆனால் மூலையில், பிளாஸ்டிக் தாளில் சுருட்டி, கயிறு கட்டி ஒரு மெத்தை நின்றது. வேதா படுத்த இலவம்பஞ்சு மெத்தை. பிணத்தோடு அனுப்பியிருக்க வேண்டும். பாய், தலையணை எல்லாம் போயின. மெத்தையை மட்டும் உத்தமன் விடவில்லை.

"இத என்னடா பண்றது?"

"அது இங்கயே இருக்கட்டும். நீ தொடாத."

ருக்கு ஒரு கணம் அவனைப் பார்த்தாள். "சுருட்டியே வெச்சா எலி குடும்பம் நடத்தும். விரிச்சாவது போடு."

இரண்டு டிரங்குப் பெட்டிகள் மேல் பலகை போட்டு, அதன் மேல் விரித்தான். பழைய போர்வையால் மூடினான்.

ஒரே வாரத்தில் அறை மாறிவிட்டது. ருக்கு சுவருக்கு ரோஸ் நிறம் அடித்தாள். வயிற்று மருந்தின் நிறம். தையல் மெஷின் வந்தது. ஆணிகளில் வயிறு திறந்த கரடிகளும் காதில்லாத முயல்களும் தொங்கின. வேதா வாந்தி எடுக்க அவன் ஏந்திப் பிடித்த பீன்ஸ் விதை வடிவ எவர்சில்வர் தட்டு மெஷின் மேல் இருந்தது. அதில் பொம்மைக் கண்கள். கறுப்பு, பழுப்பு, எல்லாம் அவனையே பார்த்தன.

"அக்கா, அந்தத் தட்டு..."

"புளி போட்டுத் தேச்சுட்டேன். சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்ளோ சுத்தம்."

அவனுக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை.

மதியத்துக்கு மேல் பொம்மை தைக்கக் கற்றுக்கொள்ளப் பெண்கள் வந்தார்கள். பஜ்ஜி தின்ற கையாலேயே ஃபர் துணியைத் தடவினார்கள். போகும்போது படிக்கட்டில் அவனைக் கண்டால் குரலைத் தாழ்த்தி, "பாவம், சின்ன வயசு," என்றார்கள். அந்த 'பாவம்' பஜ்ஜி எண்ணெயைவிடக் கனமாக அவன் மேல் படிந்தது.

உண்மையில் அவனுக்கு ஒன்றும் தோன்றியிருக்கவில்லை. எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து உள்ளே மரத்துக் கிடந்தது. வேதாவின் முகம்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அதுதான் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு.

பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ருக்கு சிக்பேட்டைக்குத் துணி வாங்கப் போயிருந்தபோது, அவன் மெத்தையின் போர்வையை விலக்கினான். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. தோள் அழுந்திய இடம், இடுப்பு அழுந்திய இடம், ஒருக்களித்து முழங்காலை மடித்த இடம். வேதா அப்படித்தான் படுப்பாள். சுருட்டி வைத்திருந்தது விரித்ததும் தன் வடிவத்துக்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டான். அவள் முகம் நினைவுக்கு வந்தது. இத்தனை நாளில் முதல் தடவை.

அதன் பிறகு ருக்கு வெளியே போகும் ஞாயிறுகளில் அவன் போய்ப் பார்ப்பான். தொடமாட்டான். பார்த்துவிட்டு மூடிவிடுவான். நாளாக ஆகப் பள்ளம் தெளிவாகிக்கொண்டே வந்தது. அவன் வேலை செய்யும் இடத்தில் எந்த அச்சும் யாரும் அழுத்தாமல் தானாக ஆழமாவதில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

பிப்ரவரியில் ருக்குவுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு நர்சரிப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நாற்பது முயல். பாதி தைப்பதற்குள் நைலான் பஞ்சு தீர்ந்துபோனது.

"கடைக்காரன் அடுத்த வாரம்ங்கறான். அங்க விழாவே முடிஞ்சிடும். நான் ஒண்ணு கேப்பேன், கோவப்படாத," என்றாள். கண் மெத்தைப் பக்கம் போனது. "நல்ல இலவம்பஞ்சுடா. சும்மா கெடக்குது."

"குழந்தைங்க வாயில வெக்கிற பொம்மை. பொணம் கெடந்த பஞ்சு. உனக்கு அருவருப்பா இல்ல?"

"வெயில்ல போட்டா என்ன பொணம், என்ன..."

"கை வெச்சே, இந்த ரூமே உனக்குக் கெடையாது."

ருக்குவின் முகம் சுருங்கியது. மெஷினை மிதித்தாள்.

இரண்டு நாள் கழித்து தொழிற்சாலையில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தமன் படியேறி வந்தான். வீடு அமைதியாக இருந்தது. மெஷின் சத்தம் இல்லை. ஸ்டோர் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே ருக்கு தூங்கிக்கொண்டிருந்தாள். மெத்தையில். ஒருக்களித்து, முழங்காலை மடித்து. வாய் திறந்திருந்தது. ஓரத்தில் எச்சில் வழிந்து உறையில் வட்டமாக நனைந்திருந்தது. அவளுடைய தோளும் இடுப்பும் முழங்காலும் அந்தப் பள்ளத்தில், அச்சில் வார்த்தது போல, இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருந்தன.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். கதவு கிறீச்சிட்டது.

"டேய்! என்ன இந்நேரத்துல?" ருக்கு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒடம்பு சரியில்லையா?"

"எத்தன நாளா?"

"எது?"

"இதுல படுக்கறது."

அவள் புடவையைச் சரிசெய்தாள். "ரூம் போட்டதுலேருந்துதான். காலையிலேருந்து மிதிச்சா இடுப்பு விட்டுப் போவுது. தரையில குளிருது. தொடாதன்ன, நான் கிழிக்கல, வெட்டல. படுத்தேன், அவ்ளோதான்."

"அந்தப் பள்ளம்..."

"எந்தப் பள்ளம்?"

அவன் கையால் காட்டினான். ருக்கு மெத்தையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அவளோடதுன்னு நெனச்சியா?" என்றாள் மெதுவாக. "கடைசியில என்ன இருந்தா அவ? பாத்ரூமுக்கு நான்தானே தூக்கிக்கினு போவேன். துவைக்கிற துணி மூட்டை இன்னும் கனம். அவ படுத்து எங்கடா பஞ்சு அழுந்தும்? எழுப்பி உக்கார வெச்சா மெத்தை அப்படியே வழவழன்னு இருக்கும்."

அது உண்மை. தட்டை ஏந்தி நின்றவனுக்குத் தெரியாதா? தலையணையை விலக்கினால் ஒரு மடிப்புகூட இருக்காது. ஒரு அடையாளமும் விடாமல்தான் அவள் போயிருந்தாள். இத்தனை ஞாயிறும் அவன் வேதா என்று நின்று பார்த்தது தன் அக்காவின் இடுப்பை.

மெஷின் மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தான். மெத்தையைப் பலகையோடு சேர்த்து இழுத்துப் பின்பக்க மொட்டை மாடிக்குக் கொண்டுபோனான். ஒரே இழுப்பில் உறையைக் கிழித்தான். வேதாவின் வாசம் வரும் என்று ஒரு நொடி மூச்சை இழுத்தான். வந்தது ருக்குவின் தலைக்கு வைக்கும் நெல்லிக்காய்த் தைலம்.

பஞ்சு காற்றில் எழும்பியது. கீழே காயப்போட்ட துணிகள் மேல் இறங்கியது.

"ஏனப்பா உத்தமா!" கீழேயிருந்து லட்சுமம்மா கத்தினாள். "என்னா கலாட்டா இது? என் அரிசி மாவுல எல்லாம் பஞ்சு விழுது! ஸ்வல்ப புத்தி வேண்டாமா?"

"இதோ ஆச்சும்மா!" என்று ருக்கு குரல் கொடுத்தபடி ஒரு பெட்ஷீட்டோடு ஓடிவந்தாள். பறந்ததை எட்டிப் பிடித்தாள், உருண்டதை அள்ளினாள். ஒரு பிடிகூட வீணாக விடவில்லை. அவனை ஏன் என்று கேட்கவும் இல்லை. வாரி முடித்த பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டே, "இதுல வந்துடும்டா, மிச்சம் இருக்கிற முயலுக்கெல்லாம்," என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உத்தமன் துப்பினான். நாக்கில் பஞ்சு இழை ஒட்டியிருந்தது. மறுபடி துப்பினான். போகவில்லை.

ஸ்டோர் ரூமுக்குப் போய் ஆணியிலிருந்து வயிறு திறந்த முயல் ஒன்றை எடுத்தான். தரையில் உட்கார்ந்தான். மூட்டையிலிருந்து ஒரு பிடி பஞ்சை அள்ளித் திணித்தான். முயல் பிதுங்கியது. வேதா படுத்த இடத்துப் பஞ்சாக இருக்கலாம், அக்காவின் எச்சில் நனைந்ததாகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே வெள்ளை.

"காதுக்குள்ள குச்சி வெச்சுத் தள்ளணும்," என்றாள் ருக்கு. எதிரே உட்கார்ந்து தட்டிலிருந்து இரண்டு கண்களை எடுத்தாள்.

அவன் குச்சியை வாங்கிக் காதுக்குள் தள்ளினான். அருவருப்பாக இருந்தது. அதை முடித்துவிட்டு அடுத்த முயலை எடுத்தான்.