சோகை

கிழக்கு வெளுக்கும் முன்பே பெண்கள் கரும்புக்குள் இறங்கிவிட்டார்கள். கணுவுக்குக் கணு ஒட்டிக்கிடந்த காய்ந்த இலையான சோகையை உரித்துக் காலடியில் தள்ளத் தள்ள, அதன் சுணை முழங்கைவரை கோடு கோடாகக் கிழித்தது. வியர்வை பட்டு எரிந்தது. ஊதிக்கொள்ள நேரமில்லை. உரித்து வெட்டிய கரும்பை ஏற்ற ஆலை லாரி பாகூர் ரோட்டில் வந்து நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ் பிடித்து, கிருமாம்பாக்கத்தில் இறங்கி, வரப்போடு வந்தாள் செல்வகுமாரி. வந்தவள் நேராக வரிசையில் நின்று உரிக்கத் தொடங்கினாள்.

"புள்ளைய வுட்டுட்டு இன்னாத்துக்குடி வந்த?" என்றாள் பக்கத்து வரிசை ஜெசிந்தா.

"அவுங்க அப்பா கூட இருக்காரு. நானும் வரலன்னா உலை வைக்கிறது யாரு?"

"வெண்ணிலா கண்ணத் தொறந்தாளா?"

"தொறக்கறா, மூடறா. ரத்தம் ஏறுது. இதயம் வீங்கிப் போச்சாம். இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்றாங்க."

எட்டாவது படிக்கிற பெண். முந்தாநாள் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நின்றபடியே சாய்ந்துவிட்டாள்.

செல்வகுமாரியின் கை நிற்கவில்லை. "கிரேஸ் மேரி டீச்சர் அப்பவே சொன்னாங்கடி. 'ஒம் பொண்ணுக்குச் சோகை இருக்கும்போல, பாரு'ன்னாங்க. எங்கூட உரிக்க வந்தாளே, அதான் எங்கனா குத்திக்கினு இருக்குன்னு நெனச்சேன். பாவாடைய ஒதறி, தலைய வாரி, முதுவு பூரா தேடுனேன். கீறல்ல தேங்காண்ண தடவுனேன். நேத்து டாக்டரு 'சோகை முத்திப்போச்சு'ன்றாரு, நான் 'எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார், ஒண்ணு வுடல'ன்றேன். நர்ஸம்மா தலையில அடிச்சிக்கினாங்க. ரத்தம் இல்லாததுக்கும் சோகைன்னுதான் பேராம்."

செல்வகுமாரி அடுத்த கரும்பைப் பிடித்தாள்.

"ஸ்கூல்ல வருசா வருசம் புள்ளைங்களுக்கு ரத்தம், கண்ணு, காது எல்லாம் டெஸ்ட் பண்ணணும்னு ரூல்ஸ் இருக்கே, டாக்டர் வண்டி வரலியான்னு கேட்டாங்க அந்த நர்ஸம்மா."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "வந்துச்சே! தை மாசம் வெள்ள வண்டி ஒண்ணு ஸ்கூல் கேட்டாண்ட நின்னுச்சு. 'ஸ்கூல் லீவு'ன்னு சிங்காரவேலு திருப்பி அனுப்புனாரே!"

"லீவு ஏது? அன்னிக்குப் பொண்ணுங்க எல்லாம் இங்க சோகை இல்ல உரிச்சிக்கினு இருந்துச்சிங்க!" என்றாள் பின் வரிசை மணியம்மாள்.

கரும்பு சிங்காரவேலுவுடையது. பள்ளிக்கூடமும் அவர் அப்பா கட்டியது; இப்போது அவர்தான் தாளாளர். பெயரைச் சொல்லி வாய் மூடுமுன் வரப்போரம் அவர் பைக் வந்து நின்றது.

"இன்னா மாநாடு? லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருக்கான்."

"டாக்டர் வண்டிய ஏன் திருப்பி அனுப்புனீங்க?" என்றாள் செல்வகுமாரி.

அவர் பைக்கை அணைத்துவிட்டு இறங்கினார். "முருங்கக்கீர ஆக்கிப் போடு. புள்ளைக்குச் சோறு போடறது பெத்தவ வேல."

"சோறு எங்க வேல. டெஸ்ட் பண்ண வைக்கிறது ஒங்க வேல. சட்டம் அப்டித்தான சொல்லுது?"

"சட்டம் பேசறியா நீ? அன்னிக்குப் புள்ளையக் கரும்புக்கு இட்டாந்தது யாரு, சட்டமா?"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. செல்வகுமாரி கரும்பை விட்டுவிட்டு வரப்புக்கு வந்தாள்.

"நான்தான். நான் தெரியாம செஞ்சேன். நீங்க தெரிஞ்சே செஞ்சீங்க."

"எம் பொண்ணும் நாலு படி ஏறுனா மேமூச்சு கீமூச்சு வாங்குது," என்றாள் ஜெசிந்தா. இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து வரப்பில் குத்தினாள். "எம்மொவ பச்சரிசியா அள்ளித் தின்றா," என்று பின்னாலிருந்து மணியம்மாள் வந்தாள். வரிசை கலைந்தது.

"எங்கடி போறீங்க? லாரி நிக்குதுல்ல?"

"நிக்கட்டும். வெள்ள வண்டி வரட்டும், அப்புறம் ஒங்க லாரி கெளம்பும்," என்றாள் செல்வகுமாரி.

"மதகடிப்பட்டுலேர்ந்து ஆள எறக்குவேன்!"

"எறக்குங்க. அவுங்களும் புள்ள பெத்தவங்கதான்."

பள்ளிக்கூட கேட்டின் முன்னால், மண்ணில், வரிசையாக உட்கார்ந்தார்கள். கிரேஸ் மேரி டீச்சர் வெளியே வந்தார். "சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணிட்டேன். வண்டி எப்ப வரும்னு சொல்லல," என்றார் தணிந்த குரலில்.

"ஒங்க வேலைக்கு ஆபத்து டீச்சர். உள்ள போங்க," என்றாள் செல்வகுமாரி.

டீச்சர் போகவில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளை ஒட்டி மண்ணிலேயே உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. அடுத்த காட்டில் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கரும்பைப் போட்டுவிட்டு வந்து சாலையோரம் நின்றார்கள்.

"எது வரிக்கும் ஒக்காரப் போறீங்க?" என்றாள் ஒருத்தி.

"வண்டி வர்ற வரிக்கும்."

"எம் பொண்ணும் இங்கதான் அஞ்சாவது படிக்குது."

ஜெசிந்தா நகர்ந்து இடம் விட்டாள். "அப்புறம் இன்னாத்துக்கு நிக்கற? ஒக்காரு."