கூரையில் வேர்

காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், சாப்பிடாமல் மூடினேன், கல் கொட்டகையைச் சுற்றி வந்தேன். மேலாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னம்மா, கல்லுக்கெல்லாம் பாரா போடறியா?" என்று கிண்டலடித்தார்.

என் வேலை கல் பார்ப்பது. சுரங்கம் போகப்போகிற இடத்தில் முன்கூட்டியே துளை போட்டு, பூமிக்குள் இருக்கும் கல்லை உருளை உருளையாக எடுப்பார்கள். நீளப் பெட்டியில் மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். நான் நனைத்துப் பார்ப்பேன், சுரண்டிப் பார்ப்பேன், சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கைக் கடித்தும் பார்ப்பேன். நறநறத்தால் மணல், வழவழத்தால் சேறு. பிறகு நிலக்கரிக்கு மேலே என்ன, கீழே என்ன என்று படம் போட்டுக் கொடுப்பேன். அதை வைத்துத்தான் சுரங்கக் கூரைக்கு எத்தனை நெருக்கமாக முட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

கடைசித் துளையில் கரிக்கு மேலே கெட்டி மணற்கல் என்று போட்டிருந்தேன். பழைய வழியிலும் அதே கூரைதான் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. முட்டுகளைத் தள்ளித் தள்ளியே வைத்தார்கள். இன்று அந்தப் புது வழியில் கரி வெட்டுவது என் தம்பியும் அவன் ஆட்களும்.

ஆனாலும் பழைய வழிக் கல்லில் இல்லாத அந்த மணற்கல்லின் வெளுப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி பெட்டியைத் திறந்து தண்ணீர் தெளித்தேன். கல்லுக்குள் மெல்லிய கறுப்பு இழைகள் கிளை பிரிந்து ஓடின. வேர். கரியாகிப்போன காட்டின் வேர்.

எந்த மரம் ஆகாயத்தில் வேர் விடும்? வேர் ஓடிய கல் கரிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். துளை போட்டவர் அந்தப் பெட்டியைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறார். நானும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே வரைந்திருக்கிறேன். கெட்டிக் கல் அவர்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. தலைக்கு மேலே இருப்பது, நகம் பட்டாலே ஏடு ஏடாக உரியும் சேற்றுக்கல்.

மேலாளர் அறைக்கு ஓடினேன். "ஆளுங்களை மேலே கூப்பிடுங்க சார்! கூரைன்னு போட்ட கல்லுல வேர் தெரியுது, பெட்டியைத் தலைகீழா அடுக்கியிருக்காங்க!"

"வேர் தெரியுதுன்னு ஷிப்டை நிறுத்தவா? மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். படம் தப்பு, நான்தான் தப்பா போட்டேன். முதல்ல போனை எடுங்க!"

நான் போட்ட கத்தலில் அவர் போனை எடுத்துவிட்டார்.

சுரங்க வாசலில் நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். லிப்ட் மேலே வரும்போதெல்லாம் முகங்களைத் துழாவினேன். எல்லாம் கரி அப்பிய முகங்கள், பல்லை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி கடைசியாக வந்தான். அவனைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"உள்ளே போறதுக்கு முன்னால கம்பியால கூரையைத் தட்டிப் பாக்கணும்னு தெரியாதா உனக்கு? தட்டலையா?" என்று பாய்ந்தேன்.

"தட்டினேன்க்கா. கணீர்னு கேக்கல, பொத்து பொத்துன்னுதான் இருந்துச்சு. பசங்க உள்ளே வரமாட்டோம்னு நின்னுட்டானுங்க."

"அப்புறம்?"

"எங்க அக்கா போட்ட படம்டா, தப்பா இருக்காதுன்னு சொல்லி நான்தான் கூட்டிட்டுப் போனேன்." பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஆமா, எதுக்குக்கா எங்களை மேலே கூப்பிட்டாங்க?"