எரிச்சல் நின்ற பிறகு

என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும். கேலியாக ஆரம்பித்தது, போகப்போக அவரே நம்பிவிட்டார். என் தலையெழுத்து!

பகலில் கடையில் நின்றபடியே எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்வார். இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கழுவிய கை காய்வதற்குள் படுத்துவிடுவார். புளித்த தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி எரியும். உடனே அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை. ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். டாக்டர்கள் எழுதும் சீட்டே தன் கைக்குத்தான் வருகிறது, தான் போய் அவர்கள் வாசலில் காத்துக் கிடப்பதா என்றார். வருஷக்கணக்காக இதே கூத்து.

போன வருஷம் எரிச்சல் தானாக நின்றது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்செரிச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் தன் கதையைச் சொல்லி, அதே மாத்திரையைக் கொடுத்தார்.

அப்புறம் இவருக்கு ரொட்டி நெஞ்சில் அடைத்தது. பிறகு சோறும் இறங்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அமிலம் ஏறி ஏறிப் புண்ணான உணவுக்குழாயின் தோல், வயிற்றின் உள்தோல் மாதிரியே மாறிவிட்டதாம். மாறிய தோலுக்குச் சிலசமயம் எரிச்சல் அவ்வளவாக உறைக்காதாம். அந்த இடத்தில்தான் இப்போது புற்று. அப்போதே வந்திருந்தால் அந்தத் தோலை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது கைமீறிவிட்டது என்றார். இவரோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இளைத்ததற்குச் சர்க்கரை என்று சொல்லிவைத்தார். பாலைக் குடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தார்.

நேற்று எங்கள் தெரு லாரி டிரைவர் ஒருவன் கடைக்கு வந்தான். நெஞ்செரிச்சலுக்கு இவர் கொடுத்த மாத்திரையையே விழுங்கி வந்தவன், இவரை அண்ணன் என்று சொல்லித் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவன்.

"எரிச்சல் சுத்தமா நின்னு போச்சுண்ணே. இப்ப மாத்திரைகூட போடறதில்ல. சாப்பாடுதான் நெஞ்சுல நின்னு நின்னு இறங்குது," என்றான்.

பக்கத்தில் நின்ற நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு ஒரு டானிக் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

ஷட்டரை இறக்கியதும் பிடித்துக்கொண்டேன். "அவனையாவது போய்ப் பாக்கச் சொல்லக்கூடாதா? நீங்க மனுஷன்தானா?"

"நான் குடுத்த மருந்தாலதான்னு ஊரே காறித் துப்பணுமா? இருக்கிற கொஞ்ச நாள் மரியாதையா இருந்துட்டுப் போறேன், விடு," என்றார். அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

இன்று காலை அவரிடம் சொல்லாமல் டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்: புற்று, குழாய், டாக்டரம்மா சொன்னது, ஒன்று விடாமல். அவள் பதறவே இல்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"டாக்டர் அண்ணன் ராத்திரியே போன் பண்ணிட்டாருக்கா. உங்களுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லையாமே. தண்ணி குடிங்க, நான் கொண்டுவந்து விடறேன்."