மோரிவாக்கியின் பத்து விநாடி

ஊர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் யனாகிடா ஸ்டேஷன் நடைமேடையில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள் காதைப் பொத்திக்கொண்டா வியாபாரம் பண்ண முடியும்?

அந்தக் குளிர்காலம் முழுக்க ரயில் டிரைவர் மோரிவாக்கிக்கு வயிற்றெரிச்சல். என் சூப் காரணமில்லை. ஹதானோ என்கிற இளம் டிரைவர்தான் காரணம். யார் ஓட்டும் வண்டி குறைவாகக் கரண்ட் தின்கிறது என்று வாராவாரம் அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். ஹதானோ முதல், மோரிவாக்கி இரண்டாவது. மார்ச் கடைசியில் முதலிடத்தில் இருப்பவருக்குத்தான் புது வண்டியின் முதல் ஓட்டம். முப்பது வருஷமாக ஓட்டுகிறவர் அதற்காக ஏங்கிக் கிடந்தார்.

உடம்பு இளைத்தால் வண்டியின் பாரம் குறையும் என்று நூடுல்ஸ் மேல் வைக்கும் இறால் டெம்புரா பொரியலைக்கூட நிறுத்திவிட்டார்.

“நூறு டன் வண்டிக்கு உங்க ஒரு இறால்தான் பாரமா?” என்றேன்.

“நீ நூடுல்ஸைப் போடும்மா.”

பக்கத்தில் நின்று உறிஞ்சிக்கொண்டிருந்த பணிமனை மெக்கானிக் இசோபே சிரித்துவிட்டார். “மோரிவாக்கி-சான், அவன் முதல்ல நிக்கறதே உங்க புண்ணியத்துலதான், தெரியுமா?”

“என்ன உளர்றே?”

“பிரேக் போட்டா மோட்டார் கரண்ட் உண்டாக்கி மேல கம்பிக்கே திருப்பி அனுப்புது. ஆனா அதே நேரம் பக்கத்துல ஒரு வண்டி கிளம்பி அதை வாங்கிக்கணும். வாங்க ஆளில்லேன்னா அந்தக் கரண்டு வீண். பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு ஹதானோ இங்க பிரேக் போட்டு உள்ள வர்றான். அப்போ எதிர்ப்பக்கம் கிளம்பறது யாரு?”

மோரிவாக்கியின் குச்சிகள் பாதி வழியில் நின்றன. “நான்.”

“அதுவும் விநாடி பிசகாம! அவன் திருப்பித் தர்றது பூரா நீங்க வாங்கிக்கறீங்க. அவன் கணக்குல அது கழிஞ்சுடுது.”

“அப்போ நான் பிரேக் போடறப்போ?”

“நீங்க அடுத்த ஸ்டேஷன்ல பிரேக் போடறப்போ அவன் இங்கேர்ந்து கிளம்பி வாங்கணும். அவன்தான் ஓடி வர்ற ஸ்கூல் பொண்ணுங்களுக்காகக் கதவைத் திறந்து வெச்சுட்டு நிப்பானே!”

“அதுக்குத்தான் ஊரே அவனைத் தங்கம்ங்குது,” என்று நான் என் பங்குக்கு ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினேன்.

மோரிவாக்கியின் காது மடல் சிவந்தது. “பத்து விநாடி,” என்று முணுமுணுத்தார். “பத்தே பத்து விநாடி நான் லேட்டாக் கிளம்பினா அவன் பட்டியல்ல எங்க போவான்?”

மறுநாள் பதினொன்று நாற்பதுக்கே அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்து நின்றேன். வண்டிக்குள் மோரிவாக்கி உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். தூரத்தில் ஹதானோவின் வண்டி வளைவு திரும்பியது. விநாடி முள் உச்சிக்கு வந்தது. கிளம்பும்போதெல்லாம் டிரைவர்கள் செய்கிறபடியே, வெள்ளைக் கையுறை போட்ட விரல் தானாக எழுந்து கடிகாரத்தைச் சுட்டியது. “நேரம் சரி!” என்று வாய் கத்தியது. வண்டி நகர்ந்துவிட்டது. எதிரே வந்த ஹதானோ கை உயர்த்தி வணங்கினான். வழக்கத்தை மீற முடியுமா? இவரும் கடனே என்று கையைத் தூக்கினார்.

அதற்கடுத்த நாள் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார் மனிதர். இடது கை சுட்டியது.

“முடியலையா?” என்றேன், கிண்ணத்தை நீட்டியபடி.

“முப்பது வருஷமா ஒரு விநாடி லேட் இல்லம்மா. அந்தப் பயலுக்காக அதைக் கெடுத்துக்கணுமா?” என்று சீறினார். கெடுத்துக்கொள்ளத்தான் இரண்டு நாளாகப் பாடுபட்டார் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

மார்ச் கடைசிப் பட்டியலிலும் ஹதானோதான் முதல். புது வண்டி ஓடிய அன்று நடைமேடையில் கேமராக்களும் மேயரும் பூங்கொத்தும். ஹதானோ பிரேக் போட்டு உள்ளே வரும்போது எதிர்ப்பக்கம் பழைய வண்டியில் மோரிவாக்கி. அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. முள் உச்சிக்கு வந்தது.

“நேரம் சரி!”

தொண்டை கிழியக் கத்தினார். கேமராக்காரர்களில் இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் அவருடைய வண்டி, ஹதானோ திருப்பியனுப்பிய கரண்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, கிளம்பியிருந்தது.