வெல்டு வைத்த பெடல்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சகலையைக் கண்டால் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. சகலையிடம் இருப்பதைக் கண்டால்தான் ஆகாது. மனைவியின் அக்கா வீட்டுக்காரரான அவர் பல் டாக்டர். நல்ல மனிதர், வஞ்சமில்லாமல் சிரிப்பார். அதுவும் மெக்கானிக்குக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவதில் இரண்டு பேருக்குமே பைத்தியம். மெக்கானிக் சாப்பாட்டு மேஜை விளிம்பில் ஸ்டியரிங்கை மாட்டி, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், சகலை வீட்டு மாடி அறையில் ஒரு முழு காக்பிட்டே வந்து இறங்கியது. சாய்ந்த சீட்டு, கறுப்புச் சட்டம், காலடியில் மூன்று பெடல், எல்லாம் கடையில் வாங்கியது.

"சும்மா உட்காந்து பாருங்க சகல," என்றார் அவர்.

உட்கார்ந்து பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. வயிறு பற்றிக்கொண்டது.

அவன் வீட்டு நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. பிரேக்கை மிதித்தால் திரையில் கார் நிற்கும், நாற்காலி பின்னால் ஓடிப்போய் பீரோவில் இடிக்கும். "உங்க வண்டி ரிவர்ஸ்லதான் நல்லா போகுது," என்பாள் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கண்ணுக்கே தெரியாத நரம்பையும் முதல் குத்திலேயே பிடித்துவிடுவாள் என்று அங்கே பெயர்.

தானே ஒன்று கட்டிவிடுவது என்று முடிவெடுத்தான், சகலை பார்த்து வாயடைத்துப் போகிற மாதிரி.

பழைய இரும்புக் கடையிலிருந்து சதுரக் குழாய்கள் வந்தன. நொறுங்கிப்போன ஒரு காரிலிருந்து சீட்டு வந்தது. பிரேக் பெடல்தான் உயிரை எடுத்தது. நிஜக் கார் போல ஏறி மிதிக்க வேண்டிய முரட்டுப் பெடல் அது. அடியிலுள்ள பலகை இம்மி வளைந்தாலும் காலுக்குக் கணக்கு தப்பிவிடும். முதலில் பிளைவுட்டில் பொருத்தினான், விரிசல் விட்டது. அலுமினியத் தகடு நெளிந்தது. கடைசியில் கனத்த இரும்புத் தகடு ஒன்றை அறுத்து வந்து, வரிசையாகத் துளை போட்டு, போல்ட்டால் சட்டத்தில் முடுக்கினான். எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரிய, சீட்டில் உட்கார்ந்து குதிகாலைச் செங்கல்லில் ஊன்றி, முழங்கால் எவ்வளவு மடிகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தான். வேலை விட்டு வந்தால் நேரே அந்த அறைதான். மனைவி கூப்பிட்டால் "இதோ" என்று குரல் மட்டும் வரும்.

முடித்த அன்று மிதித்துப் பார்த்தான். கல்லு மாதிரி நின்றது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் வேலையிலிருந்து திரும்பியபோது அறையில் சத்தம் கேட்டது. மனைவி முதுகுக்குத் தலையணை கொடுத்து, பெடலை நான்கு துளை சீட்டுப் பக்கமாக இழுத்து மாட்டி, ஓட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பேனரை அவளே எடுத்திருக்கிறாள்.

"நீ எப்ப கத்துக்கிட்ட?"

"சும்மா ரெண்டு மூணு தடவை ஓட்டினேன். நல்லா இருக்குங்க," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓரத்தில் அவளுடைய சிறந்த சுற்றின் நேரம் மின்னியது. அவனுடையதைவிடக் குறைவு. அவன் முகம் சுண்டிப்போனது. "பரவாயில்லையே," என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனான். குழாயடியில் வெகுநேரம் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு வந்தார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், பெடலை மிதித்துப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். "அடேயப்பா, கடைக்காரன் தோத்தான்!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பாடும். ஆனால் அதன் ருசி நாக்கில் நிற்பதற்குள் மனைவி உட்கார்ந்து, சகலையின் நேரத்தையே முறியடித்துவிட்டாள். கைதட்டல் வீட்டையே தூக்கியது. "ராட்சசி நீ!" என்றார் சகலை. எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். காக்பிட்டை யார் கட்டியது என்று அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெல்டிங் மெஷினை இரவல் வாங்கி வந்தான். பெடல் தகட்டைத் தன் கால் அளவுக்குத் தள்ளி, நான்கு மூலையிலும் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்தான்.

"ஆடிச்சு. அதான் வெல்டு வெச்சுட்டேன்," என்றான் அவளிடம்.

அவள் தகட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "சரிங்க," என்று போய்விட்டாள்.

அடுத்த முறை சகலை வந்தபோது, "வா, இன்னிக்கு உன்னை விடமாட்டேன்," என்று அவளைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கால் எட்டாது அத்தான்."

"போன தடவை எட்டிச்சே?"

மெக்கானிக் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "பெடல் ஆடிச்சு. அவர் நல்லா இறுக்கிட்டார். இப்பதான் பலமா இருக்கு."

அவள் போட்டு உடைத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவள் இடத்தில் அவன் உட்கார்ந்து ஓட்டி, எல்லோர் எதிரிலும் மண்ணைக் கவ்வினான். சகலை அவன் தோளைத் தட்டிவிட்டு மனைவியிடம், "நீ எங்க வீட்டுக்கு வா, அங்க சீட்டே முன்னால நகரும்," என்றார்.

அவளும் போனாள், சனிக்கிழமைகளில், அக்காவைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று. அவள் இல்லாத மத்தியானங்களில் அவன் தன் காக்பிட்டில் உட்கார்ந்து ஓட்டினான். நேரம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. கடையில் வாங்கின அந்தப் பளபளப்பில் அவள் உட்கார்ந்திருப்பதும், சகலை பக்கத்தில் நின்று "ராட்சசி" என்று சிரிப்பதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. தன் மனைவியின் வேகம் இன்னொருவன் வீட்டு மாடியில் போய் விளங்குகிறதே என்று வெந்தான்.

ஒரு சனிக்கிழமை கிரைண்டரை எடுத்து வெல்டை அறுத்தான். போட்ட வெல்டு அவ்வளவு லேசில் விடவில்லை. சூட்டில் தகடு கோணிக்கொண்டது. சம்மட்டியால் தட்டி நிமிர்த்தி, இந்த முறை வரிசைத் துளைக்குப் பதில் ஒரே நீளத் துளையாக வெட்டிக் கைத்திருகு போட்டான், ஸ்பேனரே இல்லாமல் நகர்த்துகிற மாதிரி.

வீடு திரும்பியவள் வாசலிலேயே இரும்புப் பொடி வாசனை பிடித்துவிட்டாள்.

"உட்காரு. அளவு பார்க்கணும்," என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவன் தரையில் மண்டியிட்டு, அவள் குதிகாலைப் பிடித்துத் தகட்டில் வைத்தான்.

"பொறாமைதானே?" என்றாள்.

அவன் பெடலை நகர்த்தினான். "ஆமா."

"எனக்கும்தான். எத்தனை மாசமா இந்த இரும்பைக் கட்டிக்கிட்டு அழுதீங்க. அதுல அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கத்தான் உட்கார்ந்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"நல்ல பிரேக் இருந்துச்சு. அத்தான் வீட்டுப் பிரேக் கொழகொழன்னு இருக்கும். இதுதான் சொன்ன பேச்சு கேக்குது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

அவள் ஓட்டினாள். கோணல் முழுசாகப் போகவில்லை. பிரேக் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதோடும் அவன் நேரத்தைத் தாண்டிப் போனாள். அவன் வயிறு எரியத்தான் செய்தது. பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தப் பெரிய வளைவுல எப்ப மிதிக்கிற?"

"நீங்க மிதிக்கிற இடத்துல நான் இன்னும் மிதிச்சிருக்க மாட்டேன்," என்றாள். "எழுந்திருக்கிறேன், நீங்க ஓட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் பிரேக்ல காலை வைக்காதீங்க."

அவன் பெடலைத் தன் கால் அளவுக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். வளைவு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கால் தானாகவே மிதித்துவிட்டது.

"மறுபடியும்," என்றாள் அவள்.